மருந்தைப் பொறுக்கச் சொன்னவர்

எங்கள் போர்மேன் ஊர்க்காவலன் அண்ணாச்சி, வெடிக்கப் போன பட்டாசு மருந்தைப் பார்த்து, "செத்த பொறு, பிள்ளைகள அனுப்பிட்டு வாரேன்" என்று சொன்னார். அதுவும் பொறுத்தது. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இல்லை. எண்பத்தாறு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, அதில் நாலு பேர் பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, ஒருத்தி கொண்டையை அவிழ்த்து உதறித் திரும்பவும் முடிந்துகொண்டு, ரோட்டடி வேப்பமரத்துக்கு நடந்துபோய்ச் சம்மணம் போட்டு உட்காருகிறவரைக்கும் பொறுத்தது. பால் கறக்கிற மாடுகூட அவ்வளவு நேரம் நிற்காது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். என் பெயர் ஒச்சப்பன். சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற ரோட்டில் இருக்கிற எங்கள் கம்பெனியில் இருபது வருஷம் மருந்து சலித்தேன். ஊருக்குள் நான் புளுகு ஒச்சப்பன். சாத்தூர் வெள்ளரிக்காய் ஒன்று குறுக்கே படுத்து ரயிலை மறித்ததாகச் சொன்னது நான்தான். ஆலங்குளத்துச் சுண்ணாம்புக் கல்லை நக்கிய ஆடு வீட்டுக்கு வந்து வெற்றிலை கேட்டதாகச் சொன்னதும் நான்தான். அதையெல்லாம் ஊரே தலையாட்டிக் கேட்டது. இந்த மருந்துக் கதைக்கும் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரே ஒருத்தன், செல்லப்பாண்டி, அவன் மட்டும் பதின்மூன்று வருஷமாக, "புளுகு" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

சங்கடம் என்னவென்றால், என் வாயிலிருந்து வந்ததிலேயே நிஜம் அது ஒன்றுதான்.

அண்ணாச்சியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஆள் பார்க்கப் பெரிய உருவம் ஒன்றும் இல்லை. என் தோளுக்கு இருப்பார். குரலோ, பக்கத்தில் நிற்கிற எறும்புக்கு மட்டும் கேட்கும். மற்ற கம்பெனிகளில் மேஸ்திரிமார் கத்துகிற கத்தலில் கந்தகம் தானாகவே பற்றிக்கொள்ளும் என்பார்கள். எங்கள் அண்ணாச்சி ஒருத்தரையும் தூரத்திலிருந்து கூப்பிட மாட்டார். ஆள் கோடியில் நின்றால் கோடிக்கு நடந்துபோய், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பீர்க்கங்காய் விலை கேட்பது மாதிரி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவார். "மருந்துகிட்ட இருக்கிறவன் திடுக்கிடக் கூடாதுலே. கை ஒரு ஆட்டம் ஆடுச்சுன்னா அம்புட்டுத்தான்" என்பார். அப்படி நடந்தே அவர் தினமும் மதுரை போய் வருகிற தூரம் நடந்திருப்பார் என்று நான் கணக்குச் சொன்னதுண்டு. சரி, திருமங்கலம் வரைக்குமாவது நடந்திருப்பார்.

காலையில் கேட்டருகே நின்றுகொள்வார். உள்ளே வருகிற ஒவ்வொருத்தரிடமும் ஒரே கேள்வி. "நேத்து என்ன குழம்பு?"

புதுசாக வந்தவர்கள் ஆளுக்குச் சாப்பாட்டு ஆசை என்று நினைப்பார்கள். விஷயம் அது இல்லை. சட்டென்று "பருப்பு" என்று சொல்கிறவன் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. யோசித்துச் சொல்கிறவன் சாப்பிடவில்லை. "என்னத்தக் குழம்பு" என்கிறவள் புருஷனோடு சண்டை. பதிலே சொல்லாமல் போகிறவன் வீட்டில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களை அன்றைக்கு மருந்துப் பக்கமே விடமாட்டார். பேப்பர்க் குழாய் சுருட்டுகிற ஷெட்டுக்கு அனுப்பிவிடுவார். காரணம் கேட்கமாட்டார், அடுத்தவர்களிடம் சொல்லவும் மாட்டார். ஆனால் யார் எந்தப் பதில் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். சந்தேகப்பட்டுத் துருவ மாட்டார். "நாம நம்பலன்னா அவன் நாளைக்கு வாயே தொறக்க மாட்டான்" என்பது அவர் நியாயம்.

குழாய் ஷெட் முழுக்கப் பெண்கள். ஆம்பிளை ஒருத்தன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால் போதும்.

"வாத்தா புதுப்பொண்ணு, ஒக்காரு. பூ வச்சு விடவா?"

"ஏட்டி, பாயத் தட்டிப் போடுங்கடி. மாப்பிள்ள வீட்டுக்காரக வார நேரம்."

அதிலே பெரிய வாய் மூக்கம்மாள் மதினி. அண்ணாச்சியின் வீட்டுக்காரி. புருஷன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள்.

இன்னொரு பழக்கம், செருப்பு பார்ப்பது. மருந்து ஷெட்டுக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். வாசலில் எத்தனை சோடி நிற்கிறதோ அத்தனை பேர் உள்ளே. அடிக்கடி எட்டிப் பார்த்தால் வேலை செய்கிறவனுக்குக் கை நடுங்கும் என்று அவர் உள்ளே பார்க்க மாட்டார். செருப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எண்பத்தேழு பேர் செருப்பும் அவருக்கு மனப்பாடம். எந்தச் செருப்பில் எந்த வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது என்றுகூடத் தெரியும்.

இப்படியே ஏழு வருஷம் ஓட்டினார். ஏழு வருஷத்தில் எங்கள் கம்பெனியில் ஒருத்தருக்கு ஒரு நகம் கருகியதில்லை. இதில் நான் ஒரு சொட்டுக்கூடக் கூட்டவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், புரட்டாசி. தீபாவளிச் சீசன். கடைசி லோடு ஏற்ற வேண்டிய வாரம். வராத மழை அந்த வாரம் பார்த்து வந்தது. பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. காற்றெல்லாம் ஈரக்கோணி மாதிரி இருந்தது.

காலையில் கேட்டில் எனக்கு முன்னால் செல்லப்பாண்டி நின்றான். அப்போது அவனுக்கு இருபத்தஞ்சு இருக்கும். மருந்து அடைக்கிறதில் கெட்டிக்காரன்.

"என்னலே, நேத்து என்ன குழம்பு?"

"கருவாட்டுக் குழம்புண்ணாச்சி."

"என்ன கருவாடு?"

"நெத்திலி."

"எனக்கு வைக்காமத் தின்னுட்டியேலே, பாவி. போ, மூணாம் ஷெட்டுக்கு."

அவன் கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி இருந்ததைப் பின்னால் நின்ற நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்திருப்பார். ஆனால் கருவாடு என்று சொல்லிவிட்டானே. சொன்ன பிறகு அவர் வேறு கேள்வி கேட்க மாட்டார்.

மூணாம் ஷெட்டில் முன்னறையில் மருந்து கலப்போம். பின்னறையில் அடைப்பார்கள், அன்றைக்கு அங்கே செல்லப்பாண்டி மட்டும். நடுவில் சுவர், பின்னறைக்குத் தனி வாசல். ஷெட்டுக்குப் பின்னால் மண்மேடு, அதைத் தாண்டி உடைமரக் காடு. பதினோரு மணிபோல நான் வெடியுப்பு சலித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வழக்கம்போல வந்து, கலந்து வைத்திருந்த தட்டில் புறங்கையை வைத்தார். தினமும் நாலைந்து தடவை அப்படி வைத்துப் பார்ப்பார். வைத்ததும் எடுத்துவிடுவார். அன்றைக்குக் கை அங்கேயே இருந்தது.

அலுமினியப் பொடியில் ஈரம் ஏறிவிட்டால் மருந்து தானாகவே சூடாகும். முதலில் கையகலம். பிறகு தட்டு முழுக்க. அப்புறம் அதற்குத் தீக்குச்சி தேவையில்லை. எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

அவர் குனிந்தார். இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடுகிற மாதிரிதான் குனிந்தார். "ஆத்தா, செத்த பொறு. பிள்ளைகள அனுப்பிட்டு வாரேன்" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒச்சப்பா, சல்லடையக் கீழ வையி. மெதுவா. மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கோ."

எனக்கு மூஞ்சியே எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

மற்ற கம்பெனியாக இருந்தால் யாராவது "ஓடுங்கலே" என்று கத்தியிருப்பார்கள். கத்தினால் என்ன ஆகும்? அடைக்கிற கையிலிருந்து குழாய் விழும். வாசலில் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுவார்கள். அண்ணாச்சி ஷெட் ஷெட்டாக நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று அதே எறும்புக் குரலில் சொன்னார்.

"இருக்கன்குடிப் பிரசாதம் வந்திருக்கு. ரோட்டடி வேப்பமரத்துக்குப் போங்க. முந்துனவகளுக்குச் சர்க்கரைப் பொங்கல், பிந்துனவகளுக்கு இலை மட்டுந்தான்."

எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. மூக்கம்மாள் மதினி போகிற வழியில், "இந்த மனுசன் எனக்கு ஒரு தரம் இப்பிடிப் பொங்கல் வாங்கித் தந்ததுண்டா?" என்று அவரை இடித்துக்கொண்டுதான் போனாள். அவர் சிரித்தார். "ஒனக்கும் சேத்துத்தான், போ" என்றார்.

கடைசியாக நானும் அவரும் கேட்டுக்கு வந்தோம். வருகிற வழியெல்லாம் ஷெட் வாசல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லா வாசலும் வெறுமையாக இருந்தன. மூணாம் ஷெட்டின் பின்வாசலில் மட்டும் ஒரு சோடி டயர் செருப்பு நின்றது.

"செல்லப்பாண்டி உள்ள இருக்கான்" என்றார்.

"நான் போறேன்ணாச்சி."

"நீ போனா மரத்தடியில யாருலே புளுகுறது? பொங்கல் எங்கன்னு எண்பது பேரும் எந்திரிச்சு உள்ள வந்திருவாக. ஓம் புளுகுக்கு இன்னைக்குத்தாம்லே வேலை வந்திருக்கு. போய் ஒக்கார வையி."

யாருக்கு எது வருமோ அதைத்தான் அவர் கொடுப்பார். எனக்குப் புளுகத்தான் வரும். நான் போனேன்.

பாதி வழியில் சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் இல்லை. ஆள் சத்தம். "செல்லப்பாண்டீ!" என்று. ஏழு வருஷத்தில் நான் கேட்டிராத குரல். முதலில் யாரோ என்றுதான் நினைத்தேன். இரண்டாவது தடவை கேட்டபோதுதான் தெரிந்தது, அது அண்ணாச்சி. மூன்றாவது தடவையும் கேட்டது. நான் நடந்துகொண்டே இருந்தேன். மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் பூவரச இலையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பேச்சு, சிரிப்பு. யாருக்கும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மூக்கம்மாள் மதினி மடியில் இரண்டு இலை வைத்திருந்தாள்.

"எங்க கொழுந்தனாரே பொங்கல்?" என்றாள்.

"பொங்கல் வந்த வண்டி சாத்தூரில் குடை சாய்ந்துவிட்டது, ஆற்றில் விழுந்த பொங்கலைக் கெளுத்தி மீனெல்லாம் தின்று, இப்போது மீன் குழம்பு வைத்தால் இனிக்கிறதாம்" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் மூணாம் ஷெட் போனது.

இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு ஒன்றையும் கூட்டத் தெரிவதில்லை. வேப்ப இலை எல்லாம் எங்கள் மேல் கொட்டியது. அவ்வளவுதான். மூக்கம்மாள் மதினி எழுந்தபோது மடியில் இருந்த இரண்டு இலையும் கீழே விழுந்தன. ஒன்றை மட்டும் குனிந்து எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு கூட்டத்தில் செல்லப்பாண்டியைப் பார்த்தேன். வெறுங்காலோடு நின்று எல்லோரோடும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தான். ஒரு முள் கீறலைத் தவிர அவன் மேல் ஒன்றும் இல்லை. எந்த வழியாக வெளியே வந்தான் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கடைசியாகப் பார்த்தது நான்தான் என்பதால் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். நானும் சொன்னேன். ஐயா, எனக்கு எப்படிச் சொல்ல வரும்? எனக்கு வருகிற மாதிரிதானே சொல்வேன்! "மருந்த அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னாருங்க. அது கட்டுப்பட்டு நின்னுச்சுங்க. அவரு கூப்பிட்ட சத்தம் விருதுநகர் வரைக்கும் கேட்டுச்சுங்க." அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார். மூடிய பேனாவுக்கு முன்னால் எவ்வளவு நிஜம் சொன்னாலும் என்ன?

மற்றவர்களைக் கேட்டார். "போர்மேன் கத்திக் கூப்பிடுவாரா?" எல்லோரும் ஒரே குரலில், "அவரு சென்மத்துல கத்தினதில்லைங்க" என்றார்கள். அதுவும் நிஜம்தானே. செல்லப்பாண்டியைக் கேட்டார். "நான் எல்லாரோடயும் மரத்தடியிலதாங்க இருந்தேன். என்னைய எதுக்கு அவரு கூப்பிடணும்?" என்றான்.

'போர்மேனின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

கவனக்குறைவு! ஏழு வருஷம் எண்பத்தேழு பேர் வீட்டுக் குழம்பைக் கவனித்த மனுஷனுக்கு!

எழுதியது ஒரு வரி. ஊர் அதைப் பத்து வரியாக்கியது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு இவன் மட்டும் தனியாக உள்ளே போனது எதற்கு? பீடி குடிக்கத்தான். ஆளைத் துரத்திவிட்டு ஒரு இழுப்பு இழுத்திருக்கிறான். அவ்வளவுதான், பேர் ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சிக்குப் பீடி வாசனையே ஆகாது. மூக்கம்மாள் மதினி அதே கம்பெனியில் அதே குழாய் ஷெட்டில் தொடர்ந்து சுருட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயே அவள் காதுபட, 'பீடிக்காரன் பொண்டாட்டி' என்றார்கள். அத்தனை வாய் பேசியவள் அதற்கப்புறம் அனேகமாகப் பேசுவதில்லை.

வருஷம் ஒரு தடவை, அந்தத் திதியன்றைக்கு மட்டும் என் வீட்டுக்கு வருவாள். உட்கார மாட்டாள்.

"கொழுந்தனாரே, நெசமாச் சொல்லுங்க. அந்தப் பய பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாகளா? அவனத் தேடித்தான் போனாகளா?"

"ஆமா மதினி. என் காதால கேட்டேன்."

"எத்தன தடவ?"

முதல் வருஷம், மூன்று என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அடுத்த வருஷம் அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஐந்து என்றேன். அதற்கடுத்த வருஷம் ஏழு. "ஏழு தடவையும் மண்மேடு அதிர்ந்துச்சு மதினி" என்று வேறு சொன்னேன். ஒன்பது என்று சொன்ன வருஷம் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போன வருசம் ஏழுன்னீக" என்றாள். போய்விட்டாள். அதற்கப்புறம் கேட்க வருவதை நிறுத்திவிட்டாள்.

நல்லது செய்வதாக நினைத்து நான் அண்ணாச்சியை ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்திருக்கிறேன்.

செல்லப்பாண்டி அறுபத்தொன்றில் போர்மேன் ஆனான். அண்ணாச்சி செய்ததையெல்லாம் வரி விடாமல் செய்தான். கேட்டில் நின்று குழம்பு கேட்டான். தட்டில் புறங்கை வைத்தான். ஒன்றில் மட்டும் நேர்மாறு. கத்துவான். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் ஒவ்வொருத்தர் பேரையும் தூரத்திலிருந்து கத்திக் கூப்பிடுவான். "முத்துப்பேச்சீ! கருப்பணா! பெத்தணா!" ஒன்றும் வேலை இருக்காது. "இருக்கேன்" என்று அவர்கள் பதில் கத்துகிறவரைக்கும் விடமாட்டான். "சரி, வேலையப் பாரு" என்பான். கம்பெனிச் சங்கு என்று அவனுக்குப் பேரே வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி உட்கார்ந்த இடத்தில் இப்படி ஒரு காட்டான் வந்து உட்கார்ந்தானே என்று எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவனுக்கும் என் கதை ஆகாது. நான் எங்கே வாயைத் திறந்தாலும், "புளுகு! மருந்து பொறுக்குமா? அண்ணாச்சி கத்துவாகளா?" என்பான்.

இந்த வருஷம், அறுபத்தொன்பதில், நான் ஓய்வு பெற்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதே வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். மாலை போட்டார்கள். ஆளுக்கு ஒரு காராச்சேவுப் பொட்டலம். "நாலு வார்த்தை பேசு" என்றார்கள். என்னிடம் போய் நாலு வார்த்தை என்கிறார்களே! ஆரம்பித்தேன். மருந்தைப் பொறுக்கச் சொன்னது, அது தலையாட்டிக்கொண்டு நின்றது, எல்லாம். புதுசாகச் சேர்ந்தவர்கள் கைதட்டினார்கள்.

"புளுகு!" என்று செல்லப்பாண்டி வழக்கம்போலக் கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூக்கம்மாள் மதினி எழுந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் பசை காய்ந்து ஒட்டியிருந்தது.

"கொழுந்தனாரே" என்றாள். "இனிமே நீங்க இங்கன வரப் போறதில்ல. எனக்கும் ரொம்ப நாளு இருக்காது. இன்னைக்கு ஒரு நாளாவது கூட்டாமக் கொறைக்காமச் சொல்லுங்க. எம் புருசன் எதுக்கு உள்ள போனாக?"

மாலையைக் கழற்றிக் கீழே வைத்தேன். அறுபது வருஷத்துப் பழக்கத்தை வாயிலிருந்து இறக்குவது கஷ்டமாகத்தான் இருந்தது.

"மருந்து சூடாயிருச்சு. எல்லாரையும் அனுப்பிட்டாரு. திரும்பிப் பாத்தாரு. மூணாம் ஷெட்டுப் பின்வாசல்ல ஒரு சோடி டயர் செருப்பு நின்னுச்சு. 'செல்லப்பாண்டி உள்ள இருக்கான்'னு சொன்னாரு. போனாரு. மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. மூணுதான் மதினி. அஞ்சும் இல்ல, ஏழும் இல்ல. அம்புட்டுத்தான்."

யாரும் சிரிக்கவில்லை. செருப்பைப் பற்றி அதுவரைக்கும் நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அதிகாரியிடம்கூட. ஒரு சோடி பழைய டயர் செருப்பில் கூட்டிச் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

செல்லப்பாண்டி பதில் கத்துவான் என்று பார்த்தேன். அவன் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே திரும்பத் திரும்ப மடித்தான்.

"ஒஞ் செருப்பாலே அது?" என்று மதினி கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அவன் மெல்ல நடந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். அவன் அப்படி ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குரலும் வெளியே வரவில்லை. நாங்கள்தான் நெருங்கிப் போக வேண்டியிருந்தது.

"புள்ளைக்கு மூணு நாளாக் காச்சல், மதினி. ராத்திரியெல்லாம் தோள்ல போட்டு நடந்துக்கிட்டே இருந்தேன். வீட்ல அடுப்பே பத்த வைக்கல. அதச் சொன்னா கொழாய் ஷெட்டுக்கு அனுப்பிருவாக. அந்த வாரத்துல ரெண்டு தரம் அங்கன ஒக்காந்து, நீங்கள்லாம் பூ வச்சுவிட வந்தீகளே. அதான் கருவாடுன்னுட்டேன். உள்ள போனா கண்ணு சொருகுது. மருந்து கையில. பயந்து போயி, செருப்ப வாசல்ல விட்டுட்டு, மேடேறி உடைமரத்துக்குப் பின்னால போயிப் படுத்துட்டேன். செருப்பு நின்னா ஆளு உள்ள இருக்கான்னு நெனச்சுக்கிருவாகள்ல."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"முழிச்சுப் பாத்தா எம் பேரு கேக்குது. ஒருநாளும் கத்தாத மனுசன் கத்துதாக. வசமா மாட்டிக்கிட்டோம்டா, அம்புட்டுக் கோவத்துல இருக்காகன்னு நெனச்சேன். மரத்தோட மரமா ஒட்டிக்கிட்டேன். 'இங்கன இருக்கேன்'னு ஒரு வார்த்த. வாய் வரல மதினி. மூச்சக்கூட அடக்கிக்கிட்டுக் கெடந்தேன். ஒண்ணு. அப்புறம் ஒண்ணு. அதுக்கப்புறம் ஒண்ணு, அது கொஞ்சம் தள்ளிக் கேட்டுச்சு, உள்ள போயித் தேடியிருக்காக."

மதினியின் கை, பசை காய்ந்த அந்தக் கை, அவன் தலைக்கு மேல் போய் நின்றது. அடிக்கப் போகிறாளா, தொடப் போகிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. அப்படியே நின்றது.

"அவுக பீடி குடிக்கப் போகலல்ல?" என்றாள்.

"இல்ல மதினி."

"ஒன்னையத் தேடித்தான் போனாக?"

"என்னையத்தான்" என்றான் செல்லப்பாண்டி. "ஒச்சப்பண்ணன் சொன்னது நெசம். மூணு தடவ கூப்பிட்டாக. எனக்குக் கேட்டுச்சு."